வீடு கேட்ட அட்டை, ஊடு சொன்ன பிள்ளை

அக்கா,

நேற்று மத்தியானம் உன் பள்ளிக்கூட வேன் நம் வாசலில் வந்து நின்றது. வேன் ஓட்டுகிற அண்ணன் இறங்கி, ஒரு அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "டீச்சரு பொட்டிங்க. பீரோவுல இருந்துச்சாம். புது டீச்சர் வந்திருக்காங்க, எடம் வேணும்னு சொன்னாங்க" என்றார். சொன்ன பிறகு அது தப்போ என்று தோன்றியிருக்க வேண்டும். "அவசரமில்லீன்னுதான் சொன்னாங்க, நாந்தான் இந்தப் பக்கம் வந்தேன்னு..." என்று இழுத்தார். நான் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கனமே இல்லை.

மூடியைத் திறந்ததும் லேமினேஷன் நெடி அடித்தது. சூடான பிளாஸ்டிக்கும் கொஞ்சம் பசையும் கலந்த வாசனை. எங்கோ அச்சாகி வந்த பட அட்டைகளுக்கு நீ பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மூலையையும் வளைவாக வெட்டினாய். "எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டேன். "புள்ளைக கன்னத்துல வெச்சு அமுக்கிக்குங்க. கூரா இருந்தா குத்திப்போடும்" என்றாய். இப்போது ஒரு மூலையைத் தொட்டுப் பார்த்தேன். குத்தவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அழுகை வரும் என்று எல்லோரும் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தும்மல் வந்தது.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. நான் பிளஸ் டூ வந்துவிட்டேன். வாலுத்தனத்தில் குறைவில்லை என்றுதான் வெளியே பேச்சு. போன வாரம்கூட வேதியியல் சாரின் குரலில் பக்கத்து வகுப்பை வெளியே வரச் சொல்லி, நாற்பது பேரை வெயிலில் நிற்க வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நீ யூகேஜி டீச்சராகச் சேர்ந்த புதிதில், பிள்ளைகளுக்கு போனிக்ஸ் எடுக்கப் போகிறேன் என்றாய். "காலைல முதல் வியாபாரம் போனி. அப்ப ரெண்டாவது வியாபாரம் போனிக்ஸா?" என்று கேட்டேன். நீ தலையணையை எறிந்தாய். எழுத்தைப் பார்த்து அதன் சத்தத்தைச் சொல்ல வைப்பது என்று நீ விளக்கினாய். அப்படிப் பார்த்தால் நானும் அதே தொழில்தான். எழுத்துக்குப் பதிலாக ஆளைப் பார்த்து ஆளின் சத்தத்தைச் சொல்வேன். அப்பா, வேன் அண்ணன், செய்தி வாசிக்கிறவர், எல்லோரும் வருவார்கள். எல்லோரையும் விட நீ நன்றாக வருவாய். உன் போனை எடுத்து உன் குரலில் உன் சிநேகிதியிடம், எனக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, மாப்பிள்ளைக்கு முட்டை லோடு வேலை, என்று சொல்லிவிட்டேன். அவள் பத்து பேருக்குச் சொல்லி, சாயங்காலம் பெரியம்மாவே வந்து, "எங்ககிட்டச் சொல்லாமயே முடிச்சுட்டீங்களா?" என்று அம்மாவிடம் சண்டைக்கு நின்றாள். நீ என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "முட்டை லோடுன்னு ஏன் சொன்ன? உடைஞ்சிராதா?" என்று நீயே கேட்டுச் சிரித்தாய்.

இதையெல்லாம் எழுத வரவில்லை. இனியாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

காலாண்டு லீவு முடிந்த வாரம் அது. பிள்ளைகளுக்கு முதல் போனிக்ஸ் பரீட்சை வைத்து முடித்திருந்தாய். பரீட்சை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அட்டையைக் காட்டுவாய். பிள்ளை படத்தின் பெயரை மனதில் சொல்லிப் பார்த்து, அதன் முதல் சத்தத்தை வாயால் சொல்லி, அந்த எழுத்தைத் தொட வேண்டும். மாம்பழம் என்றால் மா. சரியென்றால் டிக், தப்பென்றால் பெருக்கல். முடிந்ததும் ஒவ்வொரு பெற்றோருக்கும் வாட்ஸப்பில் ஒரு வரி போக வேண்டும். கத்தரிக்கோல் பட்டு உன் கட்டைவிரலில் பிளாஸ்திரி. "நான் சொல்றேன், நீ அடி" என்று போனை என்னிடம் கொடுத்தாய்.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். நன்று. மிக நன்று. நன்று. எனக்குத் தூக்கம் வந்தது. பிறகு, "இனியா. ஒலிப் பயிற்சி தேவை" என்றாய். "இனியா இனியாவது படிப்பாளா?" என்றேன். "அஞ்சு வயசுப் புள்ளைய வெச்சு வெளையாடாத" என்றாய். நீ சிரிக்காததால் நானே எனக்கு ஒரு சிரிப்பு ஏற்பாடு செய்துகொண்டேன். ஒலிப் பயிற்சி என்பதை ஒளிப் பயிற்சி என்று அடித்து அனுப்பினேன். கை தவறியது இல்லை. யாராவது கண்டுபிடிக்கிறார்களா பார்க்கலாம் என்றுதான். இரண்டு நீல டிக் விழுந்தது. நான் மறந்துவிட்டேன்.

நான்காம் நாள் இனியாவின் அம்மா உன்னை அழைத்தார்கள். பேசி முடித்துப் போனை வைத்துவிட்டு, அனுப்பிய மெசேஜைத் தேடிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"வண்டில ஏறு."

"எங்க?"

"நீ போட்ட வெளிச்சத்தை அமத்த."

திருச்செங்கோட்டுச் சாலையில் கோழிப்பண்ணைகளைத் தாண்டி அவர்கள் வீடு. இனியாவின் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். சுவரோரம் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு இனியா உட்கார்ந்திருந்தாள். இரட்டைச் சடை. வாய் இறுக்கி மூடியிருந்தது.

"சேலம் கண்ணாஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிட்டு வந்தனுங்க டீச்சர். லைட் அடிச்சு லைட் அடிச்சுப் பாத்தாங்க. கண்ணுல ஒரு கொறையும் இல்லீன்னு சொல்லிப்போட்டாங்க. தூரத்துல போற பஸ்ஸு மேல என்ன பொம்மை போட்டிருக்குதுன்னு சொல்றாளுங்க. அப்பறம் எதுக்குங்க ஒளிப் பயிற்சி?"

நீ என்னைப் பார்த்தாய். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அது ஒளி இல்லீங்க. ஒலி" என்றாய்.

"அதானுங்களே நானும் சொல்றேன்?"

"சத்தமுங்க. காதுல கேக்கற சத்தம்."

அவர்கள் முகம் இன்னும் வாடியது. "அப்பக் காதுங்களா? காது டாக்டரையும் பாக்கோணுங்களா?"

அதற்கு மேல் மின்விசிறியைப் பார்க்க முடியவில்லை. "நாந்தானுங்க மாத்தி அடிச்சேன். வெளையாட்டுக்குங்க" என்றேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "வெளையாட்டுக்குங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். என்னை விட இருபது வயது மூத்தவர், அந்த நேரத்திலும் எனக்கு 'ங்க' போட்டுக் கேட்டார். அறைந்திருந்தால் மறந்திருப்பேன்.

பிறகுதான் விஷயம் முழுக்க வெளியே வந்தது. இனியாவின் அப்பா ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர், சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தார். மெசேஜைப் போனில் படித்துக் காட்டியதும் அவர் முடிவே செய்துவிட்டார். "இப்பவே தேவை தேவைன்னு எழுதறாங்கன்னா ஒண்ணாவதுல போயி என்ன பண்ணுவா, மறுக்கா ஒரு வருசம் யூகேஜிலயே ஒக்காரட்டும், பொங்கலுக்கு வந்ததும் நானே பள்ளிக்கோடத்துல எழுதிக் குடுத்தர்றேன்னு சொல்லிப்போட்டாருங்க. பக்கத்தூட்டுப் புள்ளைக பூராவும் ஒண்ணாவது போயிரும். இவ மட்டும் எல்கேஜிலருந்து வர்ற சின்னதுகளோட ஒக்காந்திருக்கோணும். அதுக்கு வெவரம் தெரியாதுங்களா? தெரியுதுங்க."

பரீட்சையில் என்ன படம் வந்தது என்று பிள்ளையிடமே கேட்டு, தினமும் சாயங்காலம் அவர்களே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீடு சொல்லு, வீடு சொல்லு என்று. ஒரு நாள் கோபத்தில் பிள்ளையின் வாய் மேல் ஒன்று போட்டுவிட்டார்கள். "அதுலருந்து வாயத் தொறக்கறதில்லீங்க. முந்தியெல்லாம் தூங்கற வரைக்கும் பேசுவா. இப்ப எது கேட்டாலும் ம்-ங்கறா" என்று சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்தார்கள்.

நீ தரையில் இறங்கி உட்கார்ந்து, பையிலிருந்து வீடு போட்ட அட்டையை எடுத்தாய். ஓட்டுக் கூரைக்கு மேல் புகைபோக்கி வைத்த வீடு. இந்தப் பக்கத்தில் செங்கல் சூளைக்குத்தான் புகைபோக்கி உண்டு.

"இது என்ன சாமி?"

"ம்."

எத்தனை விதமாகக் கேட்டும் அதே ம். நீ என் பக்கம் திரும்பி, "உன் சேட்டைக்கு இப்பத்தான் ஒரு வேலை வந்திருக்குது. பண்ணு" என்றாய்.

வேன் அண்ணனின் குரலைக் கூப்பிட்டேன். "ஏறுங் ஏறுங், ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டக் கூடாதுங்" என்றதும் இனியா நிமிர்ந்தாள். பிறகு உன் குரலில், "எல்லாரும் வாய் மேல வெரல் வைங்க பாக்கலாம்!" என்றேன். அவள் உன் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. என் வாயைப் பார்த்தாள். மறுபடி உன் வாயைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தச் சூட்டோடு நான் சுவரைத் தட்டி, "இது என்னது?" என்றேன்.

"எங்கூடு!"

"முதல் சத்தம்?"

"எ."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. முகம் மாறி, அட்டையைத் தூக்கிக் காட்டினாய். "சரி, இது உங்கூடு இல்ல. வேற ஆரோடதோ. இது என்ன?"

"ஊடு."

"முதல் சத்தம்?"

"ஊ."

சொல்லிவிட்டு எழுத்து அட்டைகளில் ஊ-வைத் தேடித் தொட்டாள். அம்மா கையை ஓங்குகிறார்களா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான் தொட்டாள். நீ அடுத்த அட்டையை எடுத்தாய். இலை. "எல" என்றாள், எ-வைத் தொட்டாள். விளக்கு. "வெளக்கு" என்றாள், வெ. உரல். "ஒரல்" என்றாள், ஒ.

பையிலிருந்து மதிப்பெண் தாளை எடுத்துப் பிரித்தாய். நானும் எட்டிப் பார்த்தேன். வீடு, இலை, விளக்கு, உரல். பெருக்கல் குறி நான்கும் அந்த நான்கின் மேல்தான். மற்றதெல்லாம் டிக். வீ, இ, வி, உ என்று விடைக் குறிப்பில் அச்சாகியிருந்ததை வைத்து நீ போட்ட பெருக்கல்.

"நாந்தான் போட்டேன் இதை" என்றாய், யாரிடமும் இல்லாமல்.

அப்புறம் அவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாய். "தப்பு புள்ள மேல இல்லீங்க. அட்டை, வீட்டை நெனச்சுக் கேக்குது. இவ ஊட்டை நெனச்சுச் சொல்றா. நாம பேசறதைக் கேட்டு, அதுல முதல் சத்தம் எதுன்னு பிரிச்சு எடுக்கறா பாருங்க, அதுக்குத்தானுங்க இந்தப் பரீட்சையே. நான் அச்சடிச்ச விடையப் பாத்தேன். புள்ள வாயப் பாக்காமப் போயிட்டேன்."

"அப்பப் பாஸுங்களா?"

நான் உன் இடத்தில் இருந்திருந்தால் ஆமாங்க என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். நீ அப்படிச் சொல்லவில்லை.

"இதுல பாஸ் பெயிலே இல்லீங்க. காது கூரா இருக்குது, அது தெரிஞ்சுபோச்சு. எழுத்துல எழுதற வீடு இன்னும் வரல. வரலங்கறது வேற, வராதுங்கறது வேற. வெசனப்படாதீங்க. நீங்க ஊட்டுல ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாம். ஊடுன்னாலும் உடுங்க, எலைன்னாலும் உடுங்க. பேச உடுங்க போதும். வாய மூடிட்டான்னா அப்பறம் நான் எதை வெச்சுச் சொல்லிக் குடுக்கறது?"

"அவங்கப்பா..."

"பொங்கலுக்கு வரட்டும். நானே அவர்கிட்டப் பேசறேன்."

அதற்குள் இனியா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவர்கள் வீட்டு எருமைக் கன்றைக் காட்டி, அதற்கு என்ன பெயர், அது எப்போது பிறந்தது, யாரை முட்டியது என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வாசல்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது ஸ்கூட்டியில் நீ முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாய். "நாமளும் ஊட்டுல ஊடுன்னுதானே சொல்றோம். சேலையக் கட்டிட்டாப் போதும், எனக்கு வீடுன்னு ஆயிருது."

"கொசுவத்துல வீ-ய மடிச்சுச் சொருகிருவ போல."

நீ சிரித்ததில் வண்டி ஆடியது. பின்னால் வந்த முட்டை வண்டிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார்.

மார்கழியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாமக்கல்லில் மூன்று நாள், சேலத்தில் இரண்டு நாள். ரத்தத்தில் தட்டணு குறைகிறது என்றார்கள், ஏற்றினார்கள், மறுபடி குறைந்தது. ஆறாம் நாள் ஆம்புலன்ஸ் சத்தம் போடாமல் நம் தெருவுக்குள் வந்தது. இவ்வளவுதான் எனக்கு எழுதத் தெரிகிறது. அன்று வீட்டில் எத்தனை செருப்புகள் கிடந்தன, எந்தச் செருப்பு யாருடையது என்றெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இந்தப் புள்ளைக்கு அழுகையே வரல பாரு" என்று பெரியம்மா யாரிடமோ சொன்னாள். சின்ன மாமாவின் பாப்பா, அதற்கு மூன்று வயது, கூட்டத்தில் நுழைந்து வந்து என் கையைப் பிடித்து, "பெரியக்கா வரலயா?" என்று கேட்டது. வரல என்றேன். வரலங்கறது வேற, வராதுங்கறது வேற என்றாயே, அதன்படி அது தப்பு. நீ இருந்திருந்தால் பெருக்கல் போட்டிருப்பாய்.

இனியாவின் அம்மாவும் வந்திருந்தார்கள். என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

உன் போன் உன் அறையில்தான் இருந்தது. அப்பா தினமும் சார்ஜ் போட்டுவிடுகிறார். ஏன் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. கருமாதி முடிந்த மறுநாள் காலை அது அடித்தது. திரையில் 'இனியா யூகேஜி' என்று இருந்தது. எடுத்து, "ஹலோ, சொல்லுங்க" என்றேன்.

வந்தது உன் குரல். சத்தியமாக நான் திட்டம் போடவில்லை. உன் போனை எடுத்தால் உன் குரலில் பேசுவது எனக்குப் பழக்கம். கை போனைத் தொட்டதும் தொண்டை அதுவாகவே மாறிக்கொண்டது.

"டீச்சருங்களா? நான் இனியாவோட அப்பா பேசறனுங்க. நேத்துத்தான் ஊருக்கு வந்தேன். ஊட்டுக்காரி சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிருக்கறா, அவ போன்லருந்துதான் பேசறேன். பொங்கல் லீவு முடிஞ்சதும் எழுதிக் குடுத்தர்லாம்னு இருக்கேன். அவ என்னமோ ஊடுங்கறா, எலைங்கறா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க நேராச் சொல்லிப்போடுங்க. எம்புள்ள மக்குங்களா?"

அவருக்குத் தெரியவில்லை. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் நீ பேசுகிறேன் என்று சொல்லியிருந்தாயே. சொன்ன பேச்சு பாக்கி இருக்கிறது, பேசுகிற ஆள் இல்லை, குரல் மட்டும் என்னிடம் இருக்கிறது. எனக்கு இவ்வளவுதான் ஓடியது.

"மக்கா இருந்தா ஊட்டுக்கு ஊன்னு சொல்ல மாட்டாளுங்க" என்றாய். நான்தான். நீ அவர்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொன்னதையெல்லாம், காது, வாய், வரல, வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ம், ம் என்று கேட்டார். நம்பவில்லை என்பது அந்த ம்-மிலேயே தெரிந்தது. பிறகு என் வாயில் நீ சொல்லாத ஒன்று வந்தது.

"நீங்க ரிக் வண்டில இருக்கறீங்க. கீழ எறங்கறது மண்ணா பாறையான்னு எப்படிங்க கண்டுபுடிப்பீங்க?"

"சத்தத்துலயே தெரிஞ்சுபோகுமுங்க. மண்ணுன்னா ஒரு சத்தம், பாறைன்னா ஒரு சத்தம். தண்ணி வர்றதுக்கு முன்ன வேற சத்தம்."

"உங்க காதுதானுங்க அவளுக்கும்."

"அப்ப எழுதிக் குடுக்க வேண்டாங்கறீங்க" என்றார்.

"வேண்டாங்க."

"செரிங்க டீச்சர். நீங்க ரொம்ப நாளைக்கு நல்லா இருக்கோணும்."

செரிங்க என்றேன்.

சாயங்காலம் மறுபடி அதே பெயர் திரையில் வந்தது. இந்த முறை என் குரலில், "சொல்லுங்க" என்றேன்.

"ஆரு பேசறது?" என்றார். "இவ இப்பத்தான் சொல்றா. டீச்சரு மார்கழிலயே..."

"ஆமாங்க."

"அப்பக் காத்தால பேசுனது?"

"தங்கச்சிங்க."

"எம்புள்ள பொழப்புல வெளையாடறயா நீ? ஏற்கனவே ஒருக்கா வெளையாடுனவதானே?" என்று கத்தினார். பின்னால் இனியாவின் அம்மா அழுதுகொண்டே பேசுவது கேட்டது. டீச்சர் இல்லையென்று தெரிந்தால் எடுத்துச் சொல்ல ஆளில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுவீர்கள், அதனால்தான் மறைத்தேன், என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மூச்சு வாங்கிவிட்டு, "நீ சொன்னது டீச்சர் சொன்னதா, நீயாக் கட்டிச் சொன்னதா? அதை மட்டும் சொல்லு" என்றார்.

என் ஆயுளில் யாரும் என்னிடம் இவ்வளவு நேராக ஒன்றைக் கேட்டதில்லை. "காது கூரா இருக்குது, வரலங்கறது வேற, வராதுங்கறது வேற, அதெல்லாம் அக்கா உங்கூட்டுல ஒக்காந்து சொன்னதுங்க. இனியாவோட அம்மாவையே கேட்டுப் பாருங்க. மண்ணு, பாறை மட்டும் நானுங்க" என்றேன்.

"அப்பா, ஆருப்பா? ஆரு போன்ல? என்னாச்சு? அம்மா ஏன் அழுவுது? நான் பேசட்டா? குடுப்பா" என்று இனியாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் அந்த ஒரு வாய் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"அந்த மண்ணு பாறைதான் எனக்கு வெளங்குச்சு" என்றார் கடைசியில். "நான் எழுதிக் குடுக்கல. போவட்டும் ஒண்ணாவது." வைக்கப் போனவர் வைக்காமல் சொன்னார். "ஆனா ஒண்ணு சாமி. இனிமேட்டு அந்தக் கொரல்ல ஆருகிட்டயும் பேசாத. கேக்கறவங்களுக்குத் தாங்காது."

செரிங்க என்றேன். அப்படியே இருந்தேன். அன்றிலிருந்து யாருடைய குரலில் வேண்டுமானாலும் பேசினேன், உன் குரலில் மட்டும் பேசவில்லை.

இனியா ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். போன வாரம் சந்தையில் அவள் அம்மாவோடு பார்த்தேன். "வாயே மூடறதில்லைன்னு புது மிஸ்ஸு எழுதி அனுப்பிச்சிருக்காங்க" என்று அவர்கள் புகார் மாதிரி சொன்னார்கள். முகத்தில் புகார் இல்லை. "எங்கயாச்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிராதீங்க" என்றேன். சிரித்தார்கள். இனியா ஒரு கடைப் பலகையை எழுத்துக் கூட்டி, "வீ... டு... வா... ட... கை... க்கு" என்று வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு அம்மாவின் முந்தானையை இழுத்து, "ஊட்டுக்குப் போலாம், கால் வலிக்குது" என்றாள். இரண்டும் அவளிடம் இருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போய்விட்டேன். பிறகு மேலே நகர்த்திவிட்டேன்.

இன்று காலை அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"பொங்கலப்ப அவ போன்ல பேசுனியே" என்றாள், கீரையைப் பார்த்துக்கொண்டே. "நான் அடுப்படில இருந்தேன்."

நான் செருப்பில் நுழைத்த காலை எடுத்தேன். ஆறு மாதம் அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஒருக்காப் பேசு."

"வேண்டாம்மா."

"பேசு."

"என்னம்மா பேசறது?"

"என்னமோ. அவ பேசற மாதிரி."

அந்த ரிக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது, கேட்கிறவர்களுக்குத் தாங்காது என்று. உன்னைப் போல் தரையில் உட்கார்ந்து, எதிராளியின் முகத்தைப் பார்த்து, தைரியம் சொல்ல எனக்குத் தெரியாது. என்ன சொன்னால் இவளுக்கு ஆறும் என்றும் தெரியாது. மணியைப் பார்த்தேன். எட்டு இருபது. தினமும் நீ கிளம்புகிற நேரம்.

"ம்மா, வண்டி சாவி எங்க?" என்றேன்.

"டிவி மேல பாரு. எத்தனை தடவை சொல்றது, ஆணில மாட்டு, ஆணில மாட்டுன்னு" என்றாள் அம்மா. அதே சலிப்பு. தலைகூட நிமிரவில்லை. அடுத்த காம்பை எடுத்துப் பாதி உருவிய பிறகுதான் கை நின்றது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பாதியில் நின்ற காம்பை உருவி முடித்தாள். அப்புறம் இன்னொன்று. முறம் நிறைந்தது. எனக்குப் பஸ் போய்விட்டது.

"நாளைக்கும் கேளு" என்றாள்.

உன் துணியெல்லாம் பெரியம்மா கொண்டுபோய்விட்டாள். அப்பா போனை வைத்திருக்கிறார். எனக்கு வந்தது குரல். அதை எங்கே வைப்பது என்று இத்தனை நாள் தெரியாமல் தொண்டையிலேயே வைத்திருந்தேன். அழுகை இன்னும் வரவில்லை, அக்கா. எட்டு பத்தொன்பதுக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.